லேபிள் ஒட்டாத பாட்டில்

விரைவில் கெட்டுப்போகும் இயல்புடைய பொருள் கைப்பற்றப்பட்டால் அதைக் கிடங்கில் பூட்டி வைக்கக் கூடாது. உரியவர் தெரிந்தால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும்; தெரியாவிட்டால் காலதாமதமின்றி வேறு வகையில் பைசல் செய்ய வேண்டும். இது விதி. வாழைத்தாருக்கும் கூடை மீனுக்கும் உயிரோடு பிடிபட்ட ஆட்டுக்கும் இந்த விதியை எடுத்துக்காட்டி நானே பலமுறை குறிப்பு எழுதியிருக்கிறேன். ஆட்டைப் பற்றிய குறிப்பு மேலே போய்த் திரும்பி வருவதற்குள் ஆடு குட்டி போட்டுவிட்டது. குட்டியையும் சொத்துப் பட்டியலில் சேர்த்தோம்.

ஒயினுக்கும் இந்த விதி பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு மட்டும்தான் தோன்றியது.

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிதில் ஆட்சியர் அலுவலகத்தின் மதுவிலக்குப் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். ஊறல் பானைகளை உடைத்ததற்கும் சாராயக் கேன்களைப் பள்ளத்தில் கவிழ்த்ததற்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. அது ஒழுக்கம் என்று என் மனைவி உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில், அந்தப் பள்ளத்தின் வாசனையை முகர்ந்தவனுக்கு ஒழுக்கம் தனியாகத் தேவைப்படாது.

எங்களுக்கு ஒரே மகள். கோயம்புத்தூரில் தோட்டக்கலை படித்தாள். மேற்படிப்புக்கு நியூசிலாந்து போனாள். படிப்பு முடிந்ததும் அங்கே தென்தீவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எழுதினாள். திராட்சைத் தோட்டம் என்றதும் என் மனைவி கம்பம் பக்கத்துப் பந்தல்களை நினைத்துக்கொண்டாள். அந்தத் திராட்சை கடைக்குப் போவதில்லை, பீப்பாய்க்குப் போகிறது என்பது அடுத்த கடிதத்தில் வந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் திராட்சை வாங்குவது நின்றுவிட்டது.

நான் ஓய்வு பெற்ற மறுவருடம், 2000 ஜூனில், மகள் விடுப்பில் வந்தாள். வாடகை அம்பாசிடர் எடுத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் போனேன். திரும்பும்போது மீன்சுருட்டி வழி. என் மைத்துனர் வீடு அங்கே இருக்கிறது. மனைவி முதல் நாளே அங்கு வந்து மகளுக்காக மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருந்தாள்.

வடலூர் தாண்டியதும் மகள் கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தாள். தோள் சரிந்த பச்சைப் பாட்டில். லேபிள் இல்லை. கழுத்தில் வெள்ளை மையால் ஒரு பீப்பாய் எண் மட்டும் எழுதியிருந்தது.

முதலாளி அவளை நம்பி ஒரே ஒரு பீப்பாயை முழுப் பொறுப்பில் கொடுத்திருந்தாராம். கொடியில் கத்தரி வைத்ததிலிருந்து கார்க் அடைத்தது வரை இவள் கைதான். ரகத்தின் பெயர் பினோ நுவார். குளிர் நாட்டில்தான் அது சரியாக வருமாம். அது ஏன் என்று கேட்டேன்.

“நம்ம வெயில்ல பழம் சீக்கிரம் பழுத்துடும்பா. இனிப்பு வந்துடும், வாசனை வர்றதுக்கு நேரமே இருக்காது, புளிப்பும் செத்துப்போயிடும். அங்க ராத்திரி குளிரு. பழம் அவசரமே படாது. மெதுவா, மெதுவா பழுக்கும்.”

தாமதத்தால் தரம் கூடும் என்பது எங்கள் அலுவலகத்துக்கு வெளியே எங்கோ நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். மேலே சொல்லச் சொன்னேன்.

வெயில் நாட்டுச் சிவப்பு ஒயின் கறுத்து, கொழகொழவென்று, உள்ளே சூடு ஏறும்படி இருக்குமாம். இது அப்படி இல்லை. கண்ணாடியில் ஊற்றினால் மறுபக்கம் பிடித்திருக்கும் விரல் தெரியும். போதை குறைவு. களாப்பழம் கடித்தது போல ஒரு புளிப்பு முதலில் வரும். அதற்குப் பின்னால் மிளகு. எல்லாம் போன பிறகு ஈரமண் வாசனை கொஞ்ச நேரம் நிற்கும். வசந்தத்தில் திடீரென்று உறைபனி விழும் இரவுகளில் கொடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்களாம். மொட்டைச் சுற்றிப் பனிக்கட்டி கட்டிக்கொண்டால் அதுவே மொட்டைக் காப்பாற்றும் என்றாள். அந்த மண்ணிலும் கல்லாகிப்போன கடல் சிப்பி கிடைக்கிறது, அரியலூர் போலவே சுண்ணாம்புக்கல் பூமி, வெயில்தான் வேறு என்றாள்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். அடுத்த வருடத்திலிருந்து ஒரு சிறு பாத்தி கொடியை அவள் பொறுப்பில் விடுகிறார்கள். அதில் வரும் ஒயினுக்கு அவளே பெயர் வைக்கலாம். அவள் வைக்க நினைத்த பெயர் அரும்பாவூர்.

அரும்பாவூர் எங்கள் ஊர். என் தகப்பனாரும் அவர் தகப்பனாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் பிடித்த ஊர். பள்ளிக்கூடச் சான்றிதழ் தவிர வேறு எதிலும் அந்த ஊர்ப் பெயரும் எங்கள் பெயரும் ஒரே தாளில் அச்சாகி நான் பார்த்ததில்லை.

“நீங்க சரின்னாதான் போடுவேன்பா. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

பார்க்காத காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதை அவள் நன்றாக அறிவாள். அதனால்தான் பாட்டிலைக் கொண்டுவந்தாள். வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் திறப்பது என்று முடிவாயிற்று.

மீன்சுருட்டிக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. பாண்டிச்சேரிச் சரக்கு அந்தச் சாலை வழியாகத்தான் தெற்கே இறங்கும். அன்று அங்கே நின்ற இன்ஸ்பெக்டர் என்னோடு எத்தனையோ பள்ளங்களின் கரையில் நின்றவர். என்னைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். மகளிடம் சௌக்கியம் விசாரித்தார். அப்புறம் அவர் பார்வை என் மடிக்கு இறங்கியது.

சுங்கத்துறை பார்த்து, பயணிக்கு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் என்றேன். அளவுக்குள் இருப்பதற்கு ரசீது தரும் வழக்கம் எந்தத் துறையிலும் இல்லை. பாட்டிலில் லேபிளும் இல்லை.

அவர் தலையைச் சொறிந்தார். “ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எழுதின சுற்றறிக்கைதாங்க.”

அது உண்மைதான். லேபிள் இல்லாத எந்த மதுப் பாட்டிலும், அளவு எதுவானாலும், யார் கையில் இருந்தாலும் கைப்பற்றப்பட வேண்டும். பெரிய மனிதர்களின் கார்களை மறித்த கான்ஸ்டபிள்கள் அடிக்கடி மாற்றலாகிக்கொண்டிருந்த காலத்தில் நான் தயாரித்த வாசகம் அது. அதில் விதிவிலக்கு இல்லை. இருந்தால் எல்லோரும் அந்த விலக்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றமாட்டேன். பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

மகள் காலித் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கார் நகர்ந்த பிறகு, “வெயில்ல மட்டும் வைக்க வேணாம்னு சொல்லுங்கப்பா” என்றாள். கார் அதற்குள் சாவடியைத் தாண்டிவிட்டது.

மைத்துனர் வீட்டில் இலை போட்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். பாட்டில் போனதில் என் மனைவிக்கு வருத்தம் இல்லை. பெயர் விஷயம்தான் அவளை உலுக்கியது.

“ஊர்ப் பேர சாராய பாட்டில்ல ஒட்டணுங்கறா. நீங்க என்னமோ ஃபைலு வரட்டும், பாத்துட்டுச் சொல்றேங்கற மாதிரி உக்காந்திருக்கீங்க.”

“அது சாராயம் இல்லம்மா” என்றாள் மகள்.

“குடிச்சா தள்ளாடுவானா, மாட்டானா?”

“நெறைய குடிச்சா தள்ளாடுவான்.”

“அப்ப சாராயந்தான். ரசம் ஊத்திக்க.”

மறுநாளே போய் என் பொருள் என்று எழுதிக் கொடுத்துப் பாட்டிலை மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். பயண ஆவணம் இருக்கிறது, அளவு விதிக்குள் இருக்கிறது, லேபிள் இல்லாததற்கு விளக்கம் இருக்கிறது. அரியலூர்க் கலால் அலுவலகத்தில்தான் கைப்பற்றிய பொருள்களை வைத்திருந்தார்கள். அங்கே அறிக்கையை வாங்கிப் படித்தேன். சாலையோரப் புளியமரத்தடியில் கேட்பாரற்றுக் கிடந்த, லேபிள் இல்லாத, சிவப்பு நிறத் திரவம் அடங்கிய பாட்டில் ஒன்று.

இன்ஸ்பெக்டர் எனக்கு மரியாதை செய்திருந்தார். மதுவிலக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவன் பெயர் மதுவழக்கில் வரக்கூடாது என்று பாட்டிலை என் மடியிலிருந்து தூக்கிப் புளியமரத்தடியில் வைத்துவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றார், கண்கலங்காத குறை. இனி அந்தப் பாட்டில் என்னுடையது என்று நான் எழுதினால் அவர் அறிக்கை பொய்யாகும். பொய் அறிக்கைக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். அவருக்கு இரண்டு பெண்கள், இருவருமே படித்துக்கொண்டிருந்தார்கள். மரியாதை செய்தவனுக்கு அப்படி ஒரு பதில் மரியாதை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது, அடுத்தமுறை அதே பீப்பாயில் வேறு ஒன்று கொண்டுவரவா என்று கேட்டாள். இருந்தவற்றை விற்றுவிட்டார்கள், முதலாளியிடம் கேட்டால் ஒன்று கிடைக்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். நீ கொண்டுவந்தது இது. நான் பார்க்க வேண்டியதும் இது. ஒரு கோப்பை இன்னொரு கோப்பு வைத்து முடிக்க முடியாது. அவள் சிரித்தாள், வற்புறுத்தவில்லை. நான் சொல்லும்வரை பெயர் போடமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். அடுத்த வருடத்திலிருந்து அவள் பாத்தியில் வந்த ஒயின், ஆண்டு மட்டும் அச்சிட்ட வெள்ளைத் தாளோடு விற்பனைக்குப் போயிற்று. பிடிவாதம் எங்கள் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து; அதற்கு மட்டும் பட்டா கேட்டு நாங்கள் யாரிடமும் போனதில்லை.

உரிமை கோர முடியாது. ஆனால் கெட்டுப்போகும் பொருள் கிடங்கில் கிடக்கிறது என்று எந்தப் பொதுஜனமும் தகவல் சொல்லலாம். பொதுஜனமாக மனு எழுதினேன். குளிர் நாட்டுச் சிவப்பு ஒயின் எப்படிப்பட்டது, ஏன் கெடும் என்று மகளின் கடிதங்களைப் பார்த்து நான்கு பக்கம் எழுதினேன். பிராந்தி போல இதற்குச் சாராயச் சத்துக் காவல் இல்லை. நிறம் மெல்லியது, உடல் மெல்லியது, வாசனைதான் அதன் முழுச் சொத்து, வெப்பம் முதலில் திருடுவதும் அதைத்தான் என்று எழுதினேன். அரசு மனுவில் அப்படி ஒரு வாக்கியத்தை நான் எழுதியதும் அதுதான் முதல் தடவை.

அலுவலகத்தில் அதைப் படித்து ரசித்திருக்கிறார்கள். ரசித்துவிட்டு, மது பழசாக ஆக மதிப்பு கூடும் என்பது அனைவரும் அறிந்ததே என்று ஓரத்தில் எழுதினார்கள். வேண்டுமானால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிக் கெட்டிருக்கிறதா என்று பார்க்கலாம் என்று கேட்டார்கள். கெட்டிருக்கிறதா என்று பார்க்கத் திறந்தால் அன்றோடு கெடும் என்று பதில் எழுதினேன். இந்த வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று உணர்ந்ததாலோ என்னவோ, கோப்பை மேலே அனுப்பிவிட்டார்கள்.

மேலே என்பது அப்போது நகர்ந்துகொண்டிருந்தது. 2001 பிறந்ததும் அரியலூர் தனி மாவட்டம் என்றார்கள். என் கோப்பு அரியலூர் போனது. மறுவருடமே மாவட்டத்தைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். கோப்பு பெரம்பலூர் வந்தது. பாட்டிலை யாரும் அசைக்கவில்லை. கோப்பு ஓரூரிலும் பொருள் வேறூரிலுமாக இருந்தன. கோப்பைப் பார்த்தவன் பாட்டிலைக் கண்டதில்லை, பாட்டிலைக் கண்டவனிடம் கோப்பு இல்லை.

பாட்டிலை நான் கண்டேன். மாதம் ஒருமுறை பஸ் ஏறி அரியலூர் போவேன். பொருள் அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே சாராயக் கேன்கள், வெல்ல மூட்டை, கடப்பாரை, டயர் இல்லாத சைக்கிள்கள். பொறுப்பில் ஓர் உதவியாளர் அம்மா இருந்தார். நான் சர்வீஸில் இருந்தபோது தட்டச்சராகச் சேர்ந்தவர். பார்ப்பதற்குத் தடை இல்லை என்பதால் கம்பிக் கதவைத் திறந்து காட்டுவார். பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் நனைந்தே இருக்க வேண்டும் என்று அவரிடம் முதல் தடவையே சொல்லிப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனால் பாட்டில் அட்டென்ஷனில் நின்றது.

“தணிக்கைக்கு வந்தாங்க சார். சாஞ்சு கெடக்குதேன்னு அதிகாரியே நிமித்தி வச்சாரு. நான் என்ன சொல்ல முடியும்?”

படுக்க வைப்பேன். யாராவது நிமிர்த்துவார்கள். ஒழுங்கு என்றால் நிமிர்ந்து நிற்பது என்று அரசாங்கத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

வெயிலுக்கு ஒரு வழி செய்தேன். பெரிய மண்பானை ஒன்றும் ஆற்று மணலும் வாங்கிக்கொடுத்தேன். பானையில் ஈரமணலைப் போட்டு அதில் பாட்டிலைப் புதைத்து வைத்தால் கோடையிலும் கொஞ்சம் தாங்கும். தனியார் பொருளை அறைக்குள் வைக்க இடமில்லை என்றதால் பானையை அரசுக்கு நன்கொடையாக எழுதிக்கொடுத்தேன். அந்த அம்மா சிரிக்காமல் பதிவு செய்துகொண்டார். வாரம் இருமுறை அவரே தண்ணீர் தெளித்தார். “உங்க பாப்பாவ இன்னிக்குக் குளிப்பாட்டிட்டேன் சார்” என்பார். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தேர்தல் வந்தது. பந்தோபஸ்துக்கு வந்த காவலர்கள் அந்த அலுவலகத்தில் தங்கினார்கள். நல்ல பானை, அதுவும் அரசுப் பானை. மணலைக் கொட்டிவிட்டுக் குடிதண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டார்கள். பாட்டில் மேல்தட்டில், கூரைக்கு ஒரு முழம் கீழே, அட்டென்ஷனில் நின்றது. மே மாதம்.

அந்தக் கோடையில்தான் நான் முதன்முதலாக மது அருந்தினேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பெரம்பலூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து அரசு மதுக்கடையில் வேட்டி சட்டையோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் என் பழைய அலுவலக உதவியாளர். என்னைத் திரும்பிப் பார்த்தவர் வரிசையை விட்டு விலகி, “நீங்க வாங்கிக்குங்க சார்” என்று இடம் கொடுத்தார். ஒயின் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. தூசி தட்டி ஒன்றை எடுத்தார். உள்நாட்டுச் சிவப்பு, வெயில் நாட்டுத் திராட்சை.

வீட்டில் கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். விரல் தெரியவில்லை. நாவல்பழச் சாறு போல இருந்தது. இனித்தது, தொண்டையில் சூடாக இறங்கியது, அத்தோடு முடிந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதும் கொடுக்கும் ஆள் மாதிரி, வந்தவுடனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆனால் மகள் காரில் சொன்ன பின்னால் வரும் மிளகும் கடைசியில் நிற்கும் ஈரமண்ணும் அதில் இல்லை. சொல்ல வேண்டியதைத் தள்ளி வைத்துச் சொல்லும் ஒரு பொருள் அரியலூர் மேல்தட்டில் வெந்துகொண்டிருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு உறுதியாயிற்று. முன்பு அது மகள் கேட்ட காரியமாக இருந்தது. அதன்பின் என் காரியமாகிவிட்டது.

ஒரு வழி எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஓய்வு பெற்றுவிட்ட ஊழியர் மீது, நான்கு வருடத்துக்கு மேற்பட்ட பழைய சம்பவத்துக்காகப் புதிதாகத் துறை நடவடிக்கை எடுக்க முடியாது. ஓய்வூதிய விதியில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஓய்வு பெறும் மாதம் 2007 ஜூன். அதற்காகத்தான் மனுவும் பானையுமாக நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

ஜூலை முதல் வாரம் ஜெயங்கொண்டத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பனியனோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், விதியையும் சொன்னேன். பாட்டில் புளியமரத்தடியில் இல்லை, என் மடியில் இருந்தது என்று ஒரு வாக்குமூலம் வேண்டும். அவர் ஓய்வூதியத்தில் ஒரு பைசாவை எவரும் தொட முடியாது.

அவர் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். “இதுக்காகவா ஐயா இத்தன வருஷம் காத்திருந்தீங்க?”

“விதி அப்படி இருக்குது.”

“அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஒரு மெமோவ வாங்கிட்டுப் போயிருப்பேன்ல. மெமோ வாங்காத இன்ஸ்பெக்டரு எவன் இருக்கான்?”

இதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

காலமும் கைகொடுத்தது. அரியலூரை மறுபடி பிரிக்கப் போகிறார்கள் என்பது அதற்குள் உறுதியாகியிருந்தது. எந்தப் பொருள் எந்த மாவட்டத்துக்கு என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரம்பலூர்க் கோப்பும் அரியலூர்ப் பாட்டிலுமாக இருந்த இனத்தை எந்தப் பட்டியலிலும் அவர்களால் அடக்க முடியவில்லை. உரிமை கோரி ஒருவன் சாட்சியோடு வந்து நின்றதும் அதிகாரிக்கு நிம்மதி. செப்டம்பரில் உத்தரவு போட்டார். உதவியாளர் அம்மா பாட்டிலைத் துடைத்து, துண்டுக்குப் பதில் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். கூடவே பானையைப் பற்றியும் கேட்டார். அது அரசுச் சொத்து, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் திறந்தேன். கார்க் பாதி பொடிந்து உள்ளே விழுந்தது. வடிகட்டி எடுத்துவந்தவள் என் மனைவி; காப்பி வடிகட்டி. எவர்சில்வர் டம்ளரை நான் நீட்டியபோது, நிறம் தெரிய வேண்டாமா என்று அவளே கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்தாள்.

நிறம் சிவப்பு இல்லை. பழம்புளியைக் கரைத்த தண்ணீர் போலப் பழுப்பாக இருந்தது. ஆனால் விரல் தெரிந்தது. முகர்ந்தேன்: வெந்த உலர்திராட்சை, பழைய அலமாரி. வாயில் வைத்தேன். பழம் போய்விட்டிருந்தது, களாவும் இல்லை, மிளகும் இல்லை. அரியலூர் வெயில் அத்தனையையும் எடுத்துக்கொண்டிருந்தது. கெட்டுப்போன பொருள் என்பதில் ஐயமில்லை. நான் எழுதிய நான்கு பக்கமும் சரி. அப்படிச் சரியாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. டம்ளரைக் கீழே வைக்கப் போனேன். அப்போதுதான் அந்தப் புளிப்பு வந்தது. பின்னாலிருந்து வந்தது, மெல்லியதாக, நேராக, ஒரு நூல் போல. நாக்கின் இரு ஓரமும் கூசின. எல்லாம் உருகி ஓடிய பிறகும் அது வளையவில்லை. விழுங்கி வெகுநேரம் கழித்து, முதல் மழை பட்ட மண் போல ஏதோ ஒன்று மூக்கில் நின்றது. கற்பனையோ என்று இன்னொரு வாய் குடித்தேன். மறுபடியும் நின்றது.

மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள், இப்போது எழுதிவிட்டேன். முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் பொறுத்து, “இத்தன வெயில்ல கெடந்தும் புளிப்பு போவலங்க” என்றாள்.

“ஆமா.”

“பேரப் போட்டுக்கட்டும். ஆனா தமிழ்ல போடச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல போட்டா எந்த ஊர்னு எவனுக்குத் தெரியும்?”

அன்றைக்கே மகளுக்கு எழுதினேன். தொலைபேசியில் சொல்லும் விஷயம் அல்ல இது. பாட்டில் எந்த நிலையில் கிடைத்தது, எது போயிற்று, எது மிஞ்சியது என்று வரிசையாக எழுதினேன். வெப்பத்தில் பிறந்த எதுவும் இத்தனை கோடையை இப்படிக் கடந்திருக்காது என்பது என் கருத்து என்று எழுதினேன். கடைசிப் பத்தி: ஊர்ப் பெயரைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நிபந்தனை, எழுத்து தமிழில் இருக்க வேண்டும். நிபந்தனை விதித்தவர் உன் அம்மா.

பதிலுக்குக் காத்திருந்தபோது வேறொரு பதில் வந்தது. பொதுஜனமாக நான் கொடுத்த முதல் மனுவின் மீது. மேற்படி பொருள் தன் இயல்பில் கெட்டுப்போகக்கூடியது அல்ல என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது என்றிருந்தது. பாட்டில் அப்போது என் சமையலறை ஜன்னலில் காலியாக இருந்தது. மனைவி அதில் நல்லெண்ணெய் ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு நான் மறுமொழி எழுதவில்லை.

நான் எதிர்பார்த்த பதில் ஒரு நீள உறையில் வந்தது. பிரித்துப் பார்த்தால் கடிதம் இல்லை. ஒரே ஒரு லேபிள். வெள்ளைத் தாள், கீழே ஆண்டு, மேலே கறுப்பு எழுத்தில் அரும்பாவூர். மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தாள். பசை தேய்த்து அந்தப் பழைய பாட்டிலில் நானே ஒட்டினேன், கோணாமல். பிறகு உறையை எடுத்து, வந்து சேரும் எந்தத் தபாலிலும் செய்வதுபோல, மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: 6 டிசம்பர் 2007.